கணிப்பொறியில் எதில் சேமிப்பது? ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் – ஓர் ஒப்பீடு



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும். ஹார்ட் டிஸ்க் நல்லதா, எஸ்.எஸ்.டி. நல்லதா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மையார், "எங்க வீட்டுக் கல்யாணப் படம் எல்லாம் பென் டிரைவிலதான் இருக்கு. அது போதாதா?" என்றார். இரண்டும் நல்ல கேள்விகள். ஆனால் கையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு பதில் சொல்லி முடிக்கக்கூடியவை அல்ல. ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. திருநெல்வேலிப் பக்கம் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு 1983-இல் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 2022-இல் ஓய்வு பெற்று இப்போது தேவ்நாரில் வசிக்கிறேன். கணிப்பொறி என் படிப்பு அல்ல. ஆனால் சிக்னல்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கருவியைக் கொடுத்தாலும், "இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இது கெட்டுப்போனால் என்ன ஆகும்?" என்று கேட்பான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் டிரைவ்களையும் பார்க்கிறேன்.

தாராவி நண்பரின் 19 தாள்கள்

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் ஒரு நண்பர். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே குடும்பம் தாராவியில் இருக்கிறது. 2005 ஜூலை 26-ஆம் தேதி பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அன்றைக்கு அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பழைய ரேஷன் கார்டு, 1990-களின் மின்சார பில்கள், வாக்காளர் பட்டியல் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் நனைந்து, பிறகு மின்விசிறிக்கு அடியில் காயவைத்து எடுத்தவை.

2014-இல் அந்தத் தாள்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மொத்தம் 19. என் பழைய கணிப்பொறியில் ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அடுத்தவர் வீட்டுக் காகிதம் நம்மிடம் இருக்கக் கூடாது என்று, அவர் கிளம்பியதும் என் கணிப்பொறியில் இருந்ததை அழித்துவிட்டேன். அவர் பென் டிரைவைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் வேலை முடிந்தது என்றே நினைத்தோம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, மூலத்தாள்களில் பாதி கூழாகிப் போயின. "அதான் பென் டிரைவ் இருக்கே" என்று அவர் கவலைப்படவில்லை. 2024 மார்ச் மாதம் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கு இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தகுதி பெறாதவர்களுக்கு வேறு இடத்தில் வீடு என்றார்கள். அதற்கான இடங்களில் ஒன்றாக எங்கள் தேவ்நார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கரைத் தர அதே ஆண்டில் மாநில அரசு ஒப்புதலும் கொடுத்தது. நண்பர் சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றிக் கணிப்பொறியில் செருகினார். விளக்குகூட எரியவில்லை.

"அண்ணாச்சி, காயிதம் இல்லேன்னா ஒங்க ஏரியா குப்பைமேட்டுக்கு வந்துருவேன் போல" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள டிரைவ்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு டன்னிலிருந்து நகக்கண் வரை

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு அந்த இடம் சரியாகப் போய்விடும்.

நம் ஊரிலும் ஒரு சரித்திரம் உண்டு. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் 'டிஃப்ராக்' என்ற கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்தக் கணிப்பொறியின் நினைவகம் 2,048 சொற்கள். ஒரு சொல்லுக்கு 40 பிட். பெருக்கிப் பார்த்தால் சுமார் 10 கிலோபைட். நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரையில் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் அடங்காது. இன்று அதைப்போல் பல லட்சம் மடங்கு, நகக்கண் அளவு மெமரி கார்டில் அடங்குகிறது. அளவு பெருகியது, ஆனால் கெட்டுப்போகும் குணம் மட்டும் போகவில்லை.

சுழலும் தட்டு: ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. தட்டு சுழல, ஒரு கையின் நுனியிலுள்ள தலை அதன் மேல் நகர்ந்து, காந்தத்தின் திசையை மாற்றி எழுதும். திசையைப் பார்த்துப் படிக்கும்.

மேசைக் கணிப்பொறியின் டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 120 சுற்று. தட்டின் விட்டம் சுமார் 95 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் தட்டின் ஓரம் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ராஜதானி எக்ஸ்பிரஸ் ஓடும் வேகம் இது. அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஓடும்போது டிஸ்க்கைத் தட்டிவிட்டால் தலை தட்டில் உரசும். உரசிய இடத்தில் இருந்த தகவல் போயிற்று. கையடக்கமான ஹார்ட் டிஸ்க்கை ஓடிக்கொண்டிருக்கும்போது தூக்கி நகர்த்தாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வேகத்தில் இதற்கு ஒரு குறை உண்டு. கேட்ட தகவல் தட்டில் எங்கோ இருந்தால், தலை அங்கே போக வேண்டும்; பிறகு அந்த இடம் சுழன்று தலைக்குக் கீழே வர வேண்டும். இதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு ஆகிறது. கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் கணிப்பொறியை இயக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எல்லா நிலையத்திலும் நிற்கும் பாசஞ்சர் வண்டி தாமதமாவது போல இங்கேயும் தாமதமாகிறது.

பெரிய டிஸ்க் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். சில டிஸ்க்குகளில் இடத்தை மிச்சப்படுத்த, கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுகிறார்கள். எஸ்.எம்.ஆர். என்று இதற்குப் பெயர். நடு ஓட்டை மாற்ற மேல் ஓடுகளையும் எடுக்க வேண்டுமல்லவா? அதுபோல இதில் திருத்தி எழுத நேரம் பிடிக்கும். ஒருமுறை எழுதிப் பத்திரமாக வைக்க இது போதும். தினமும் எழுதி அழிக்க ஏற்றதல்ல. அதற்கு சி.எம்.ஆர். என்று கேட்டு வாங்குங்கள்.

சுழலாத சில்லு: எஸ்.எஸ்.டி.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம்தான் இதன் உயிர். கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையிலும் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கலாம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை உள்ளேயே இருக்கும். எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று அளந்து பார்த்தால் தகவல் கிடைக்கும்.

ஒரு பானையை எண்ணிக்கொள்ளுங்கள். காலியா, நிறைவா என்று மட்டும் பார்த்தால் இரண்டு நிலை. தவறு நேராது. அதே பானையில் 8 கோடு போட்டு, எந்தக் கோடு வரை தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தால் அதிகத் தகவலை அடக்கலாம். இதற்கு டி.எல்.சி. என்று பெயர். 16 கோடு போட்டால் கியூ.எல்.சி. கோடுகள் நெருங்க நெருங்கப் பானை மலிவாகிறது. ஆனால் கொஞ்சம் தண்ணீர் வற்றினாலும் கணக்குத் தப்பும். ஆகவே டி.எல்.சி., கியூ.எல்.சி.யைவிட உழைக்கும். கடையில் விலை குறைவாக ஒன்றைக் காட்டினால் இந்த மூன்றெழுத்தைக் கேளுங்கள்.

எழுதி எழுதி அழிக்கும்போது அறையின் சுவர் தேய்கிறது என்பது உண்மை. அதற்காகப் பயப்பட வேண்டாம். 500 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு நல்ல டி.எல்.சி. டிரைவில் 300 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். வீட்டில் நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினால்கூட 15,000 நாள், அதாவது 41 ஆண்டு ஆகும். அதற்குள் கணிப்பொறியை மூன்று நான்கு முறை மாற்றியிருப்போம்.

உண்மையான பயம் வேறு. எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். தேய்மான எல்லையை எட்டிய ஒரு வீட்டு எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே தொழில்துறையின் அளவுகோல். புதிய டிரைவ் அதைவிட நெடுங்காலம் தாங்கும். வெப்பம் ஏறினால் காலம் குறையும். மும்பையின் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். எனவே எஸ்.எஸ்.டி.யில் படங்களை ஏற்றி, பீரோவுக்குள் ஐந்தாறு ஆண்டு பூட்டி வைப்பது சரியான முறை அல்ல.

பாதை எது? சாட்டாவும் என்.வி.எம்.இ.யும்

டிரைவிலிருந்து கணிப்பொறிக்குத் தகவல் செல்லும் பாதையும் முக்கியம். பழைய பாதைக்கு சாட்டா என்று பெயர். அதில் எஸ்.எஸ்.டி. வினாடிக்கு 550 எம்.பி. வரை போகும். புதிய பாதை என்.வி.எம்.இ. அதில் 3,000 எம்.பி., 7,000 எம்.பி. என்றெல்லாம் போகிறது.

100 ஜி.பி. அளவுள்ள ஒரு கல்யாண வீடியோத் தொகுப்பை நகலெடுப்பதாக வைத்துக்கொள்வோம். உத்தேசமாகக் கணக்கிட்டால்:

வினாடிக்கு 150 எம்.பி. போகும் ஹார்ட் டிஸ்க்கில் – 11 நிமிடம்.
500 எம்.பி. போகும் சாட்டா எஸ்.எஸ்.டி.யில் – 3 நிமிடம் 20 வினாடி.
3,000 எம்.பி. போகும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யில் – சுமார் அரை நிமிடம்.
20 எம்.பி. எழுதும் மலிவான பென் டிரைவில் – 1 மணி 23 நிமிடம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சூயிங்கம் பட்டை போல நீளமாக, 'எம்.2' என்ற வடிவத்தில் எஸ்.எஸ்.டி. வருகிறது. எம்.2 என்பது உருவத்தின் பெயர்தான். பாதையின் பெயர் அல்ல. ஒரே உருவத்தில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர், மீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர். பெட்டி பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றி ஏற்ற முடியுமா? உங்கள் கணிப்பொறியின் கையேட்டில் எது பொருந்தும் என்று பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

பழைய கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது என்று தூக்கிப்போடத் தயாராக இருப்பவர்களுக்கும் ஒரு சொல். அதில் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பென் டிரைவும் மெமரி கார்டும்

பென் டிரைவிலும் இருப்பது அதே ஃபிளாஷ் நினைவகம்தான். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் தேய்மானத்தை எல்லா அறைக்கும் பங்கிட்டு, பிழை திருத்தி, பழுதான அறையை ஒதுக்கிவைக்கும் திறமையான மேற்பார்வைச் சில்லு ஒன்று இருக்கிறது. மலிவான பென் டிரைவில் அந்த மேற்பார்வை மிக எளிமையானது. சில்லுகளும் பெரும்பாலும் இரண்டாந்தரம். சந்தையில் போலியும் உண்டு. மேலே 512 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 16 ஜி.பி. இருக்கும். நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் எழுதுவதுதான்.

அது மட்டுமல்ல. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுப்போம். அங்கிருந்து வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். சாவியோடு சட்டைப்பையில் போட்டு, அப்படியே வாஷிங் மெஷினில் போடுவோரும் உண்டு. எனவே பென் டிரைவ் என்பது தபால்காரரின் பை. கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அது. பையிலேயே கடிதத்தை வைத்துப் பாதுகாப்பதில்லை.

சி.டி., டி.வி.டி.யில் எழுதி வைத்திருப்பவர்கள் சீக்கிரம் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் எழுதிய தட்டுகளில் இருக்கும் சாயம் நாளாவட்டத்தில் மங்கும். தட்டு நன்றாக இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி இப்போது வரும் மடிக்கணிப்பொறிகளில் கிடையாது.

கெட்டுப்போனால் என்ன ஆகும்?

இப்போது சிக்னல்காரனின் கேள்விக்கு வருகிறேன். பழைய கைகாட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை இழுக்கும் கம்பி அறுந்தால், கை தானாக 'நில்' நிலைக்கு வந்துவிடும். கெட்டாலும் பாதுகாப்பான பக்கம் கெட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். டிரைவ் எதுவும் அப்படிச் செய்யப்பட்டதல்ல. எல்லாமே தகவலை இழக்கும் பக்கம்தான் கெடும். வித்தியாசம், கெடும் விதத்தில் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் பல சமயம் முன்னறிவிப்புத் தரும். கோப்பு திறக்கத் தாமதமாகும். 'டிக், டிக்' என்று சத்தம் வரும். சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்று முயன்றால் தலை தட்டை மேலும் சுரண்டும். எஸ்.எஸ்.டி.யில் தேய்மானம் மெதுவாகத் தெரியும். ஆனால் அதன் மேற்பார்வைச் சில்லு செத்தால், நேற்று வரை ஓடியது இன்று காலை இல்லை. பென் டிரைவும் அப்படியே.

டிரைவின் உடல்நலத்தைக் காட்ட 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5 என்ற இரண்டு வரிசைகளைப் பாருங்கள். முதலாவது, பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் இடங்கள். இரண்டிலும் மூல மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். மாதந்தோறும் எண் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

இனி நண்பரின் கதை. பென் டிரைவை லாமிங்டன் ரோட்டில் இரண்டு கடைகளில் காட்டினோம். சில்லு செத்துவிட்டது, எடுக்க முடியும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பழைய கணிப்பொறியின் நினைவு வந்தது. 2014-இல் ஸ்கேன் செய்த சில வாரங்களில் அந்தக் கணிப்பொறியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கியிருந்தேன். பழையதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரி அதை எறியச் சொல்லாத தீபாவளி இல்லை.

அழித்த கோப்பு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் அட்டவணையில் அதன் பெயர் மட்டும்தான் போகிறது. ரிசர்வேஷன் சார்ட்டில் பெயரை அடித்துவிட்டாலும் பயணி பெர்த்தில் படுத்துக்கொண்டே இருப்பார்; வேறு ஆள் வந்து எழுப்பும் வரை. எஸ்.எஸ்.டி.யில் அப்படி இல்லை. 'டிரிம்' என்ற ஏற்பாட்டின்படி, இந்த இடம் இனி வேண்டாம் என்று கணிப்பொறி சொன்னதும் டிரைவ் அதைக் காலி செய்துவிடும். டி.டி.இ. வந்து கையோடு இறக்கிவிடுவது போல. எஸ்.எஸ்.டி.யில் அழித்ததைத் திரும்ப எடுப்பது அநேகமாக நடக்காத காரியம்.

அந்தப் பழைய டிஸ்க்கை என் இப்போதைய கணிப்பொறியில் இரண்டாவது டிரைவாக இணைத்தேன். அதில் எதுவும் எழுதப்படாமல் பார்த்துக்கொண்டு, மீட்பு மென்பொருளை ஓட்டி, கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் சேமித்தேன். ராத்திரி பூராவும் ஓடியது. காலையில் 19 தாளில் 14 கிடைத்தன. ரேஷன் கார்டு இருந்தது. மின்சார பில் மூன்று இருந்தது. பள்ளிச் சான்றிதழ் ஒன்று போய்விட்டது.

ஸ்கேன் செய்த படம் மூலத்தாளுக்குச் சமம் ஆகாது. ஆனால் அதில் எண் இருந்தது, தேதி இருந்தது, எந்த அலுவலகம் என்று இருந்தது. அதை வைத்துச் சான்றிட்ட நகல் கேட்டு அந்தந்த அலுவலகங்களில் நண்பர் விண்ணப்பித்தார். சிலது கிடைத்தது. அவற்றைக் கணக்கெடுப்பில் கொடுத்திருக்கிறார். தகுதியை முடிவு செய்வது அவர்கள் கையில். ஆனால் கையை வீசிக்கொண்டு போய் நிற்கவில்லை.

இதைக் கேட்ட சிலர், "அப்படியானால் ஹார்ட் டிஸ்க்தான் நல்லது, இல்லையா?" என்றார்கள். இல்லை. அந்த டிஸ்க் பீரோவிலிருந்து விழுந்திருக்கலாம். நானே அதன் மேல் வேறு எதையாவது எழுதியிருக்கலாம். நண்பரைக் காப்பாற்றியது டிஸ்க்கின் தரம் அல்ல. தற்செயலாக வேறு வீட்டில் ஒரு பிரதி இருந்தது, அவ்வளவுதான். தற்செயலாக நடந்ததை நாம் வேண்டுமென்றே செய்ய வேண்டும்.

இரண்டு நிலையங்களின் பதிவேடு

ரயில்வேயில் ஒரு வண்டி ஒரு நிலையத்தை விட்டுப் புறப்பட்டால், அந்த நேரத்தை அந்த நிலையத்திலும் எழுதுவார்கள், அடுத்த நிலையத்திலும் எழுதுவார்கள். இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் சொல்லிக்கொள்ளும் ரகசிய எண்ணும் இரண்டு பதிவேட்டிலும் ஏறும். ஒரு பதிவேடு எரிந்துபோனாலும் அடுத்த ஊர்ப் பதிவேடு சாட்சி சொல்லும். வீட்டுத் தகவலுக்கும் இதே முறை போதும்.

1. தினசரி வேலைக்கு எஸ்.எஸ்.டி. புதிய கணிப்பொறி என்றால் 500 ஜி.பி. அளவில் டி.எல்.சி. வகை போதும். பையனுக்கு வாங்கும் தம்பிக்கு என் பதில் இதுதான்.

2. சேர்த்து வைப்பதற்குக் கையடக்க ஹார்ட் டிஸ்க். பெரிய கொள்ளளவுக்கு அதுதான் மலிவு. நகலெடுத்ததும் கழற்றி வையுங்கள். கணிப்பொறியில் வைரஸ் புகுந்தாலும் கழற்றி வைத்த டிஸ்க்கைத் தொட முடியாது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு, மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டில் புதிதுக்கு மாற்றுங்கள்.

3. இன்னொரு பிரதி வேறு வீட்டில். தாராவியில் இருப்பவர் செம்பூரில் இருக்கும் மைத்துனர் வீட்டில் ஒன்றை வைக்கலாம். வெள்ளமும் தீயும் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் வருவது அரிது. இணையத்திலும் வைக்கலாம். ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய கட்டடத்திலுள்ள டிரைவ்தான். கூகுளில் இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை அழிக்கும் விதி 2023 முதல் இருக்கிறது. கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

4. தமிழில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றுங்கள்; கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதியும் வையுங்கள். 1990-களில் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தோம். டிரைவ் பிழைத்திருந்தும் அந்த எழுத்துரு இல்லாததால் படிக்க முடியாத மலர்களை நான் பார்த்திருக்கிறேன்.

5. பழைய டிரைவைக் குப்பையில் போடாதீர்கள். 1927 முதல் மும்பையின் குப்பையைத் தாங்கி வந்த மேட்டுக்கு அருகில் குடியிருப்பவன் என்ற முறையில் இதைக் கேட்டுக்கொள்கிறேன். மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் முழுவதையும் மேலெழுதி அழியுங்கள், அல்லது துளையிடுங்கள். அழித்த கோப்பு எப்படித் திரும்பி வரும் என்று மேலே பார்த்தோம். நமக்கு உதவியது திருடனுக்கும் உதவும்.

கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் வைத்திருக்கும் அம்மையாருக்கு: அம்மா, அது போதாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். மகள் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

நண்பரின் 14 தாள்களும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று அவர் வீட்டில், ஒன்று கல்யாணில் அவர் தங்கை வீட்டில், மூன்றாவது அவர் அனுமதியோடு என்னிடம். பீரோவின் மேல்தட்டில்தான் வைத்திருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு என் வீட்டுக்காரி அதை எறியச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை பாருங்கள். ரேஷன் கார்டு, பத்திரம், சான்றிதழ், அப்பா அம்மா படம் இவற்றுக்கு இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது? உடனே பதில் சொல்ல முடியவில்லை என்றால், எந்த டிரைவ் நல்லது என்ற கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பிரதி எடுங்கள். எடுக்கத் தெரியாதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தாள்களைக் கொண்டுவாருங்கள். என் ஸ்கேனரை நான் கொண்டுவருகிறேன்.